நீச்சல் குளத்தில் குளோரின்: வாடையை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்

தீபாவளிக்கு மறுநாள் காலையில் மலேசியாவின் பினாங்கில், தஞ்சோங் பூங்கா என்ற பகுதியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பின்பக்கத்திலிருந்து அந்த வாடை வந்துவிட்டது. பொது நீச்சல் குளங்களில் மூக்கைத் துளைக்குமே, அதே வாடை. குளத்தோரம் உட்கார்ந்திருந்த அக்கா மகள் இரண்டு கண்ணையும் கசக்கிக்கொண்டு, "மாமா, கண்ணு எரியுது" என்றாள். அக்கா அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "குளோரின் கூடிப்போச்சுடா. குளம் கழுவ வர்ற ஆளுக்குப் போன் பண்ணி, ஒரு வாரத்துக்கு எதுவும் போட வேண்டாம்னு சொல்லப்போறேன்."

"கொஞ்சம் பொறுக்கா, அளந்து பார்த்துடலாம்" என்று சொல்லி டெஸ்ட் கிட்டை எடுத்தேன். வேலை செய்யக்கூடிய குளோரின் 0.4 பிபிஎம், அதாவது ஆயிரம் லிட்டரில் 0.4 கிராம். ஒன்றுக்காவது மேலே இருக்க வேண்டியது, அதில் பாதிகூட இல்லை. வாடை வந்ததற்குக் காரணம் குளோரின் கூடிப்போனது இல்லை, தீர்ந்துபோனது. அக்கா நினைத்தபடி ஒரு வாரம் சும்மா விட்டிருந்தால் தண்ணீர் பச்சையாகியிருக்கும்.

வீட்டில் குளம் வைத்திருக்கிற பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது. வாடை அடித்தால் குளோரின் அதிகம், அடிக்காவிட்டால் குறைவு என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் உண்மை இதற்கு நேர்மாறாக இருக்கும்.

எண்ணெய்ச் சட்டி கழுவுவதை நினைத்துப் பாருங்கள். முதல் தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தால் நுரையே வராது. போட்ட சோப்பையெல்லாம் பிசுக்கு தின்றுவிடும். இரண்டாம் தடவையோ மூன்றாம் தடவையோ பிசுக்கு போன பிறகுதான் நுரை நிற்கும். குளத்துக் குளோரினும் அப்படித்தான். நாம் போடும் குளோரினில் ஒரு பங்கு வியர்வை, சிறுநீர், தலை எண்ணெய், சன்ஸ்கிரீன், இலைதழை, பாசி என்று உள்ளே கிடக்கும் அழுக்கோடு மல்லுக்கட்டுவதிலேயே செலவாகிவிடும். அது போக மிஞ்சி நிற்பதுதான் கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரின். இதை ஃப்ரீ குளோரின் என்கிறார்கள். வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள அம்மோனியா, யூரியா போன்றவற்றோடு சேர்ந்து மாட்டிக்கொண்டதைக் கம்பைண்டு குளோரின் என்கிறார்கள். இதன் இன்னொரு பெயர் குளோரமின். மூக்கைத் துளைப்பதும் கண்ணை எரிப்பதும் இந்தக் குளோரமின்தான். கிருமியைக் கொல்லும் வேகம் இதற்கு மிகக் குறைவு. இரண்டையும் கூட்டினால் வருவது மொத்தக் குளோரின்.

அந்தத் தீபாவளிக்கு நடந்ததும் இதுதான். காலையில் எல்லோருக்கும் நல்லெண்ணெய் வைத்தாகிவிட்டது. பெரியவர்கள் சீயக்காய் தேய்த்து முழுகினார்கள். பிள்ளைகள் பாதி எண்ணெயோடு நேராகக் குளத்தில் குதித்துவிட்டார்கள். அக்கா பிள்ளைகள், அத்தான் பக்கத்துப் பிள்ளைகள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் மதியம் வரைக்கும் ஏறவே இல்லை. மூன்று மணிக்கு மழை வேறு கொட்டியது. மண்ணும் சருகும் குளத்துக்குள் வந்து சேர்ந்தன. முதல் நாள் காலையில் இருந்த குளோரின் சாயங்காலத்துக்குள் தீர்ந்துபோனதில் ஆச்சரியம் இல்லை.

எவ்வளவு இருந்தால் போதும்? பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. குளத்துக் கணக்கில் ஆயிரம் லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டால் எல்லாமே சுலபமாகிவிடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்வது: ஃப்ரீ குளோரின் குறைந்தது 1 பிபிஎம், வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்த தண்ணீர் என்றால் குறைந்தது 2, தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் 7.0 முதல் 7.8 வரை. அக்கா வீட்டுக் குளத்தில் நான் 2க்கும் 3க்கும் இடையில் வைத்துக்கொள்வேன். திறந்த வெளிக் குளம், பிள்ளைகள் அதிகம், வருஷம் முழுக்க வெயில். விளிம்பிலேயே நிறுத்தினால் ஒரு நாள் மறந்தாலும் பூஜ்யத்துக்குப் போய்விடும்.

1 பிபிஎம் என்பது கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் பிஎச் 7.5, வெப்பம் 25 டிகிரி இருக்கும் தண்ணீரில் அந்த அளவே ஈ கோலை பாக்டீரியாவை ஒரு நிமிஷத்துக்குள் கொன்றுவிடும். மஞ்சள் காமாலை வரவழைக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரசுக்குச் சுமார் 16 நிமிஷம் ஆகும். குடலைத் தாக்கும் ஜியார்டியா கிருமிக்குச் சுமார் 45 நிமிஷம். கிரிப்டோஸ்போரிடியம் என்கிற வயிற்றுப்போக்குக் கிருமி மட்டும் பத்து நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளையைக் குளத்தில் இறக்கவே கூடாது என்கிறேன். கிரிப்டோ என்று தெரிந்தால், நின்ற பிறகும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். குளோரின் சரியாக இருக்கிறதே என்று இந்த ஒரு விஷயத்தில் தைரியம் கொள்ளக் கூடாது.

இனி அளப்பதற்கு வருவோம். கடைகளில் மூன்று விதம் கிடைக்கும். ஒன்று, தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் பட்டை. அவசரத்துக்கு உதவும். ஈரக் கையோடு டப்பாவுக்குள் விரலை விட்டால் மீதிப் பட்டைகளும் கெட்டுப்போகும், நம் ஊர் ஈரக் காற்று வேறு. இரண்டாவது, சொட்டு விட்டால் மஞ்சளாகும் பழைய கிட். விலை குறைவு என்பதால் இன்னும் நிறைய வீடுகளில் இதுதான் இருக்கிறது. இது காட்டுவது மொத்தக் குளோரினை மட்டுமே. அக்கா வீட்டில் அன்றைக்கு இதை வைத்துப் பார்த்திருந்தால் 1.4 என்று காட்டியிருக்கும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று மூடி வைத்திருப்போம். மூன்றாவது, டிபிடி. 1957இல் பாலின் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் வெளியிட்ட முறை இது. ஃப்ரீ குளோரினையும் மொத்தத்தையும் தனித்தனியே காட்டும். இதைத்தான் வாங்கச் சொல்வேன். கொஞ்சம் கூடுதல் செலவுதான், ஆனால் வீண் போகாது.

செய்முறை. தண்ணீர் உள்ளே வந்து விழும் குழாய் வாய்க்குப் பக்கத்தில் எடுக்காதீர்கள், எட்டத்தில் போய் நில்லுங்கள். கண்ணாடிக் குழலைக் குளத்துத் தண்ணீரிலேயே இரண்டு தடவை அலசிக்கொள்ளுங்கள். பிறகு அதைக் கவிழ்த்தபடி முழங்கை ஆழம் வரை இறக்கி, அங்கே நிமிர்த்தி நிரப்புங்கள். மேல்மட்டத்துத் தண்ணீர் வெயிலில் குளோரினை இழந்திருக்கும், அதை அளந்து பயனில்லை. 10 மில்லி கோடு வரைக்கும் விட்டுவிட்டு மீதியைக் கொட்டுங்கள். 1 என்று எண் போட்ட டிபிடி மாத்திரையைக் கையால் தொடாமல், உறையைக் கிழித்து நேராகக் குழலுக்குள் போட்டு, கூட வரும் குச்சியால் நசுக்குங்கள். தண்ணீர் ரோஜா நிறத்துக்கு மாறும். உடனே வெள்ளைப் பின்னணியில், நிழலான வெளிச்சத்தில் வைத்து அட்டை நிறத்தோடு ஒப்பிடுங்கள். இது ஃப்ரீ குளோரின். அதே தண்ணீரில் 3ஆம் எண் மாத்திரையையும் போட்டு இரண்டு நிமிஷம் விட்டால் நிறம் இன்னும் அழுத்தமாகும். இது மொத்தம். அதிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் கம்பைண்டு. அன்று நான் பார்த்தது முதலில் 0.4, பிறகு 1.4. ஆக, கம்பைண்டு மட்டும் 1.0. இது 0.4ஐத் தாண்டினாலே ஏதாவது செய்தாக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. குளோரின் மிக அதிகமாக, 10 பிபிஎம்முக்கு மேலே இருந்தால் டிபிடி நிறமே வெளுத்துப்போகும். மாத்திரை விழுந்ததும் ஒரு நொடி ரோஜா தெரியும், உடனே தெளிந்துவிடும். குளோரினே இல்லை என்று நினைத்து மேலும் கொட்டுபவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் பாதிக் குழல் குளத்துத் தண்ணீர், பாதிக் குழல் கடையில் விற்கும் வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) சேர்த்து அளந்து, வந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள். குழாய்த் தண்ணீர் இதற்கு ஆகாது. பினாங்குக் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு முடா ஆற்றிலிருந்து எடுத்து, சுங்கை டுவாவில் சுத்திகரித்து, குளோரின் சேர்த்து வருவது. அந்தக் குளோரினும் கணக்கில் சேர்ந்துவிடும்.

அளந்து முடித்த தண்ணீரைக் குளத்தில் ஊற்றாமல் வெளியே சாக்கடையில் கொட்டுங்கள். மாத்திரைகளைப் பம்ப் அறையில் வைக்காதீர்கள். அங்கே இருக்கும் வெக்கையும் குளோரின் ஆவியும் சில மாதங்களிலேயே அவற்றைக் கெடுத்துவிடும். எங்கள் கிட் அக்கா வீட்டுச் சாப்பாட்டு அறை அலமாரியில் இருக்கிறது.

குளோரினை மட்டும் அளந்துவிட்டுப் போகக் கூடாது, பிஎச்சும் பார்க்க வேண்டும். தண்ணீரில் கரைந்த குளோரின் இரண்டு உருவில் இருக்கும். ஒன்று வேகமானது, கிருமியின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். இன்னொன்று மந்தமானது. எது எவ்வளவு என்பதை முடிவு செய்வது பிஎச். 7.2 இருக்கும்போது சுமார் மூன்றில் இரண்டு பங்கு வேகமான உருவில் இருக்கும். 7.5இல் ஏறக்குறைய சரிபாதி. 8.0க்கு ஏறினால் கால் பங்குதான். கிட்டில் காட்டும் எண் மூன்று தடவையும் ஒன்றேதான், ஆனால் வேலை செய்யும் பலம் வேறு. அருவி போலத் தண்ணீர் விழும் அலங்காரம் வைத்த குளங்களில் பிஎச் தானாக ஏறிக்கொண்டே இருக்கும், அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஏறினால் அமிலம், இறங்கினால் சோடா ஆஷ் என்கிற காரத் தூள் போட வேண்டும். காரத்தன்மை (ஆல்கலினிட்டி, பிஎச் வேறு இது வேறு) 80 முதல் 120 பிபிஎம்முக்குள் இருந்தால் பிஎச் அங்குமிங்கும் துள்ளாது.

அப்புறம் வெயில். பினாங்கு பூமத்திய ரேகைக்கு 5 டிகிரி வடக்கே இருக்கிறது. வருஷம் முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரப் பகல், உச்சி வெயில். புற ஊதாக் கதிர் பட்டால் குளோரின் சிதைந்துவிடும். காலையில் போட்ட குளோரினில் பெரும்பகுதி மதியம் தாண்டுவதற்குள் போய்விடுவது இங்கே சாதாரணம். இதைத் தடுக்கத்தான் ஸ்டெபிலைசர். அதாவது சயனூரிக் அமிலம். இது குளோரினைக் குடைபிடித்துக் காக்கும். 30 முதல் 50 பிபிஎம் வரை இருந்தால் போதும்.

ஆனால் இந்தக் குடையே பாரமாகிவிடுவதும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் அக்கா வீட்டுக் குளம் திடீரென்று பச்சையானது. ஃப்ரீ குளோரின் பார்த்தால் 3. பிஎச்சும் சரி. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கடைசியில் ஸ்டெபிலைசரை அளந்தேன். குளத்துத் தண்ணீரில் ஒரு மருந்தைக் கலந்தால் பால் போலக் கலங்கும். அதைக் குழலில் மெல்ல ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்த்தால், அடியில் இருக்கும் கறுப்புப் புள்ளி எந்தக் கோட்டில் மறைகிறதோ அதுதான் அளவு. கொஞ்சம் ஊற்றியதுமே புள்ளி மறைந்துவிட்டது, கிட் காட்டக்கூடிய 100க்கும் மேலே. காரணம், மிதவையில் போட்டு விடும் பெரிய குளோரின் மாத்திரைகள். அவை டிரைகுளோர். அதிலேயே ஸ்டெபிலைசர் கலந்திருக்கிறது. ஒரு பிபிஎம் குளோரின் கொடுக்கும்போது கூடவே 0.6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் விட்டுவிட்டுப் போகும். தினமும் 2 பிபிஎம் என்று ஒரு மாதம் போட்டால் 36 பிபிஎம் ஏறியிருக்கும். குளோரின் செலவாகிவிடும், ஸ்டெபிலைசர் போகாது. அளவு மிஞ்சினால் குளோரினை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய விடாது. தண்ணீரை மாற்றுவதுதான் வழி. அதையும் மழைக்காலத்தில் மொத்தமாக இறைக்காதீர்கள். நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது காலிக் குளம் மண்ணிலிருந்து மேலே கிளம்பி விரிசல் விட்டுவிடும். நாங்கள் மூன்றில் ஒரு பங்காக, இரண்டு வார இடைவெளியில் மாற்றினோம். அதற்குப் பிறகு மாத்திரையை ஊருக்குப் போகும் நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வழக்கத்துக்குத் திரவக் குளோரின் போடுகிறோம்.

எவ்வளவு போடுவது என்பதைக் குத்துமதிப்பாக விடக் கூடாது. அக்கா வீட்டுக் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 45 கன மீட்டர், அதாவது 45,000 லிட்டர். 1 பிபிஎம் ஏற்ற 45 கிராம் குளோரின் வேண்டும், 2 பிபிஎம்முக்கு 90. திரவக் குளோரின் 10 சதவீதம் என்றால் சுமார் 900 மில்லி. 65 சதவீதத் தூள் என்றால் 90ஐ 0.65ஆல் வகுத்து, சுமார் 140 கிராம். டப்பாவில் சதவீதம் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து, உங்கள் குளத்து அளவை வைத்து ஒரே ஒரு தடவை கணக்குப் போட்டுப் பம்ப் அறைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். திரவக் குளோரினை மாதக்கணக்கில் வாங்கி அடுக்க வேண்டாம். நம் வெக்கையில் வீரியம் குறைந்துகொண்டே போகும்.

போடுவது சூரியன் இறங்கிய பிறகு. ராத்திரி முழுக்க அது நிம்மதியாக வேலை செய்யும். இதிலேயே ஒரு நல்ல சோதனையும் இருக்கிறது. இருட்டிய பிறகு ஒரு தடவை அளங்கள், விடியுமுன் இன்னொரு தடவை அளங்கள். இரவில் வெயில் கிடையாது, ஆள் இறங்குவதும் கிடையாது. அப்படியும் 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத பாசி உள்ளே வளர்கிறது என்று அர்த்தம். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்.

மழையைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். மழைநீர் மட்டும் அவ்வளவு பெரிய குற்றவாளி கிடையாது. 50 மில்லிமீட்டர் கொட்டினால் அக்கா வீட்டுக் குளத்தில் விழுவது 1,600 லிட்டர், மொத்தத் தண்ணீரில் நான்கு சதவீதம்கூட இல்லை. கெடுப்பது மழையோடு வரும் தோட்டத்து மண்ணும், உரமும், சருகும்தான். மழை விட்டதும் முதலில் வலை போட்டு அள்ளுங்கள், பம்பை ஓட விடுங்கள், அப்புறம் அளங்கள்.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். ஒரு நாள் அக்கா வீட்டுப் பம்ப் அறையைத் திறந்தபோது டிரைகுளோர் டப்பாவும் தூள் குளோரின் டப்பாவும் மூடி சரியாக இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. இரண்டுக்கும் ஒரே கரண்டி. பராமரிப்புக்கு வந்த ஆள் அப்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டும் குளோரின்தானே என்று தோன்றும். ஆனால் இந்த இரண்டும் கலந்து, அதில் கொஞ்சம் ஈரமும் பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். டிரைகுளோர் மாத்திரை போட்ட மிதவையில் வேறு வகைக் குளோரினைப் போடவே கூடாது. அமிலமும் குளோரினும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். அறைக்கு ஒரு மூலையில் அமிலம், எதிர் மூலையில் குளோரின் என்பதுகூட எனக்குத் திருப்தி இல்லை. முடிந்தால் வேறு வேறு இடத்தில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி, காய்ந்த கரண்டி. தூளைக் கரைக்க வாளியில் முதலில் தண்ணீர், பிறகு தூள். மாற்றிச் செய்யாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி பூட்டு அவசியம்.

பள்ளி விடுமுறைக்கு இந்தியாவுக்கோ ஊருக்கோ கிளம்பினால் குளத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். குளோரின் இல்லாமல் தேங்கிய தண்ணீரில் இரண்டு வாரத்துக்குள் பச்சையும் கொசுப்புழுவும் வந்துவிடும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி வீட்டில் ஏடிஸ் புழு கண்டால் அபராதம் உண்டு. அபராதத்தை விடுங்கள், டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் படுத்த வீட்டுக்காரர்களைக் கேட்டால் தெரியும். மிதவையில் மாத்திரை போட்டு, பம்புக்கு டைமர் வைத்து, வாரம் ஒரு தடவை யாரையாவது அளந்து பார்க்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

சரி, அக்கா வீட்டுக் குளத்துக்கு என்ன செய்தோம்? கம்பைண்டு குளோரினை உடைக்க வழக்கமான கணக்கு, அதைப் போலப் பத்து மடங்கு குளோரின். 1.0க்கு 10 பிபிஎம். 45 கன மீட்டருக்கு 450 கிராம், 65 சதவீதத் தூளில் சுமார் 700 கிராம். முதலில் பிஎச் பார்த்தேன், 7.8. அதை 7.4க்கு இறக்கிவிட்டு, சாயங்காலம் ஏழு மணிக்குத் தூளை வாளிவாளியாகக் கரைத்து ஓரம் முழுக்கச் சுற்றி ஊற்றினேன். பம்ப் ராத்திரி முழுக்க ஓடியது. கிளம்பும் வாயு வெளியே போகட்டும் என்று மூடி எதுவும் போடவில்லை. வாடையைப் போக்க இன்னும் குளோரினா என்று அக்கா நம்பிக்கை இல்லாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் வாடை இல்லை. பாதிக்குப் பாதி வடிநீர் கலந்து அளந்தேன். 3 வந்தது, ஆக 6. கம்பைண்டு 0.2. நான்குக்குக் கீழே வரும் வரை யாரும் இறங்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். அதற்கும் அடுத்த நாள் மதியம் அக்கா மகளே குழலை அலசி, முழங்கை வரை கையை விட்டுத் தண்ணீர் எடுத்து, மாத்திரையைத் தொடாமல் போட்டு நசுக்கினாள். அட்டையில் வைத்துப் பார்த்துவிட்டு, "மூணு மாமா" என்றாள். சீயக்காய் போட்டுத் தலையை அலசிவிட்டு வா என்று அனுப்பினேன்.